கரையை விட்டு நீங்காத அண்டிரிக் அடிகளார்

தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்திலிருந்து கடலை ஒட்டித் தெற்கே சென்றால், உப்பளங்களைக் கடந்து, தாமிரவருணி கடலில் கலக்கும் இடத்தில் புன்னைக்காயல் என்னும் மீனவர் ஊர் வருகிறது. 1974இல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டு, 2011இல் சிதம்பரனாரின் பெயரைத் தாங்கிய துறைமுகத்தின் பரபரப்பு எதுவும் அங்கே இல்லை. ஆனால், 16ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இந்த முத்துக்குளித்துறையின் தலைமை ஊர் தூத்துக்குடி அல்ல, புன்னைக்காயல்தான். போர்த்துகீசியத் தளபதி அங்கே இருந்தார். முத்துச் சலாபத்தின் கணக்கும் வரியும் அங்கே முடிவாயின. 1600ஆம் ஆண்டு அங்கே ஒரு முதியவர் இறந்தார். அவருக்கு வயது 80. அதில் 53 ஆண்டுகளை அவர் இந்தக் கரையின் மக்களுக்காகவே செலவிட்டிருந்தார்.

தமிழ் அச்சுக்கலையின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் அவரை ஒரு வரியில் சொல்லிச் செல்கின்றன. ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் என்பது இயற்பெயர். அண்டிரிக் அடிகளார் என்பது தமிழ் தந்த பெயர். தம்பிரான் வணக்கம், 1578, கொல்லம். போட்டித் தேர்வு எழுதுவோருக்கு இவ்வளவு போதும். அந்த 1578க்கு முன்னால் 31 ஆண்டுகள் இருக்கின்றன. நோயும் போரும் சிறையும் ஏமாற்றமும் நிறைந்த அந்த ஆண்டுகளில் ஒரு மேய்ப்பர் மனம் ஒடியாமல் எப்படி நின்றார் என்பதைத்தான் அவருடைய வாழ்க்கையில் கவனிக்க வேண்டும் எனத் தோன்றுகிறது.

இதற்கு ஒரு கடிதம் வழி காட்டுகிறது. 1549 ஜனவரியில் கொச்சியிலிருந்து பிரான்சிஸ் சவேரியார், ரோமில் இருந்த தம் தலைவர் இக்னேஷியஸ் லொயோலாவுக்கு எழுதினார். குமரிமுனைக் கரையில் அண்டிரிக் என்றொரு போர்த்துகீசியக் குரு இருக்கிறார். தமிழை நன்றாகப் பேசவும் எழுதவும் கற்றுவிட்டார். இருவர் செய்யும் வேலையை ஒருவராகச் செய்கிறார். தங்கள் மொழியிலேயே அவர் போதிப்பதால் மக்கள் அவர்மீது பேரன்பு கொண்டிருக்கிறார்கள் என்று தெரிவித்துவிட்டு, ஒரு வேண்டுகோளையும் வைத்தார். நாள் முழுதும் வெயிலையும் சுமையையும் தாங்கி உழைக்கும் அந்த நல்லவருக்கு ஆறுதலாகத் தாங்களே தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள் என்பதே அது. பாராட்டு மிகுந்த கடிதத்துக்கு நடுவே இந்த வேண்டுகோள் ஏன்? நன்றாக உழைப்பவர்தான் முதலில் சோர்ந்துபோவார் என்பது சவேரியாருக்குத் தம் சொந்த அனுபவத்திலேயே தெரிந்திருந்தது.

சவேரியார் இந்தக் கரைக்கு வந்தது 1542இல். அதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பு பரதவர் பெருந்திரளாகத் திருமுழுக்குப் பெற்றிருந்தனர். கடல்மீதும் முத்துச் சலாபத்தின்மீதும் தங்களுக்கிருந்த உரிமையை மற்ற வணிகர்களிடம் இழந்துகொண்டிருந்த அவர்கள், தங்கள் தலைவர்களைக் கொச்சிக்கு அனுப்பிப் போர்த்துகீசியரின் பாதுகாப்பைக் கேட்டனர். பாதுகாப்பும் மதமும் சேர்ந்தே வந்தன. சுமார் 20,000 பேர் மதம் மாறினர் என்பர். ஆனால், மாறியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. ஜெபம் தெரியாது, போதகர் கிடையாது, பெயர் மட்டும் மாறியிருந்தது.

வேம்பாறு முதல் குமரிமுனை வரை ஊர் ஊராக நடந்தார் சவேரியார். 1544 கோடையில் வடுகர் என்று கரை மக்கள் அழைத்த விஜயநகரப் படையினர் தென்முனையில் புகுந்தபோது, பாறைகளில் ஒளிந்து பசியால் வாடிய மக்களுக்கு 20 தோணிகளில் உணவேற்றிப் புறப்பட்டார். எதிர்க்காற்று அடித்தது. நாள்கணக்கில் போராடியும் தோணிகள் முன்னேறவில்லை. மணப்பாட்டுக்குத் திரும்பி வந்து, பிறகு கரைவழியே நடந்து சென்றார். அக்காலத்தில் தம் துணைவர் மான்சில்யாசுக்கு அவர் அடுத்தடுத்து எழுதிய கடிதங்களில் பொறுமையைப் பற்றிய அறிவுரை நிறைய உண்டு. பிள்ளைகள் முரண்டு பிடித்தாலும் தகப்பன் விட்டுவிட மாட்டான், அதுபோல இந்த மக்களிடம் நடந்துகொள்ளும்படி அவர் கேட்டுக்கொண்டார். அவற்றிலேயே, போர்த்துகீசியத் தளபதியின் கொடுமைகளைக் கண்டு தமக்கு வாழ்வே சலித்துவிட்டதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். பொறுமையைப் போதித்தவரும் சலிப்பை ஒப்புக்கொண்டவரும் ஒரே மனிதர்தான். பிறகு அவரது பாதை மலாக்கா, மொலுக்கஸ், ஜப்பான் என்று விரிந்தது. இந்தக் கரைக்கு இடையிடையே வந்துபோனார். 1552இல் சீனத்தின் வாசலில் இறந்தார்.

கரையிலேயே தங்கிவிட்டவர் அண்டிரிக்.

1520இல் போர்த்துகலின் விலா விசோசா என்ற ஊரில் பிறந்தவர் அவர். குடும்பம் யூத மரபிலிருந்து கிறிஸ்தவத்துக்கு வந்தது. 1497இல் போர்த்துகல் அரசன் தன் நாட்டு யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியிருந்தான். மாறிய பிறகும் அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் புதுக் கிறிஸ்தவர் என்று தனியே பிரித்து வைத்துச் சந்தேகத்தோடு பார்த்தது அச்சமூகம். அண்டிரிக் முதலில் பிரான்சிஸ்கன் துறவற சபையில் சேர்ந்தார். பூர்வீகம் தெரிந்ததும் வெளியேற்றப்பட்டார். கோயிம்பிராவில் திருச்சபைச் சட்டம் படித்தார். 1545இல் யேசு சபையில் சேர்ந்தார். வேறொரு சபையில் இருந்துவிட்டு வந்தவர் என்பதால் அங்கேயும் விதி குறுக்கே நின்றது. சிறப்பு அனுமதியால் பின்னர் அந்தத் தடை விலகியது. தன் சொந்த நாட்டின் திருச்சபையிலேயே வாசலில் நிறுத்தப்பட்டவர், அதன் பெயரால் 1546இல் கப்பலேறி, ஏறத்தாழ ஆறு மாதக் கடற்பயணத்தின் முடிவில் கோவாவில் இறங்கினார். மறு ஆண்டு முத்துக்குளித்துறைக்கு அனுப்பப்பட்டார். உடல்பலம் கிடையாது. வந்த நாளிலிருந்தே அடிக்கடி நோய்.

தொடக்கத்தில் அவருக்குத் தமிழ் ஒரு வார்த்தையும் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வைத்துக்கொண்டு போதித்தார். தாம் சொன்னது வேறு, மக்கள் காதில் விழுந்தது வேறு என்பது சீக்கிரமே புரிந்தது. ஏற்கெனவே கரையில் வழங்கிய ஜெபங்களும் அப்படித்தான் இருந்தன. விசுவாசப் பிரமாணத்தின் முதற்சொல்லாக நம்புகிறேன் என்று வரவேண்டிய இடத்தில், எனக்கு வேணும் என்று பொருள்படும் சொல்லை மக்கள் ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொண்டிருந்தார்கள். சவேரியாரோடு வந்த தமிழ் இளைஞர்களின் அரைகுறை மொழிபெயர்ப்பின் விளைவு அது. வழிபாட்டைக் குறிக்கும் மிஸ்ஸா என்ற போர்த்துகீசியச் சொல்லோ தமிழ்க் காதுகளில் மீசையாக விழுந்தது. சிரிப்புக்குரிய செய்திகளாகத் தோன்றலாம். ஒரு மக்கள் கூட்டம் தன் நம்பிக்கையின் முதற்சொல்லையே தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது என்பது அதற்குப் பொறுப்பேற்றவருக்குச் சிரிப்பாக இருந்திருக்காது. பிரமாணத்துக்கு விசுவாசத்தைக் குறிக்கும் சொல் வந்தது. மிஸ்ஸாவின் இடத்தில் பூசை வந்தது. தமிழ்நாட்டுக் கத்தோலிக்கர்கள் அண்மைக்காலம் வரை ஞாயிறு பூசைக்குத்தான் போனார்கள்.

இரவும் பகலும் மொழியோடு மல்லுக்கட்டினார். அன்றைய ஐரோப்பியர் பலர் கீழை மொழிகளுக்கு இலக்கணமே கிடையாது என்று எண்ணியிருந்த காலம் அது. அண்டிரிக் தமிழ் வினைச்சொற்களைக் காலம், இடம், எண் என்று பிரித்து அட்டவணையிட்டார். பெயர்ச்சொற்களை லத்தீனைப் போல வேற்றுமை வேற்றுமையாக அடுக்கினார். ஜொவான் தெ பாரோஸ் 1540இல் வெளியிட்டிருந்த போர்த்துகீசிய இலக்கணம் அவருக்கு முன்மாதிரியாக இருந்தது. சில மாதங்களிலேயே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத நிலைக்கு வந்துவிட்டார். வேம்பாற்றிலிருந்து 1548 அக்டோபர் இறுதியில் இக்னேஷியசுக்கு எழுதிய கடிதத்தில் இந்தக் கல்வியைப் பற்றி விரிவாகத் தெரிவித்திருக்கிறார். அவருடைய இலக்கணக் கையெழுத்துப் படி இன்றும் லிஸ்பனின் தேசிய நூலகத்தில் இருக்கிறது. தொல்காப்பியமும் நன்னூலும் படித்த புலவர் எழுதிய இலக்கணம் அல்ல அது. கடற்கரையில் காதால் கேட்டதை வைத்து எழுதியது. 16ஆம் நூற்றாண்டில் வேம்பாற்றிலும் புன்னைக்காயலிலும் மக்கள் வாய்மொழியாகப் பேசிய தமிழை அறிய விரும்பும் மொழியியலாளர்களுக்கு அதனாலேயே அது அரிய ஆவணம். 2013இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது.

தமிழ் கற்றுக்கொண்டது அவருடைய பணிக்குக் கருவியாக அமைந்தது என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். நாள்தோறும் முடிக்கக்கூடிய, நாள்தோறும் சிறிது வளர்வது கண்ணுக்குத் தெரியக்கூடிய வேலை ஒன்று அவருக்குக் கிடைத்தது. ஆத்துமாக்களைக் கரைசேர்க்கும் பணியில் பலன் எப்போது, எவ்வளவு என்று யாராலும் அளக்க முடியாது. ஒரு வினைச்சொல்லின் எதிர்காலத்தை இன்று கண்டுபிடித்துவிட்டால் அது நாளை மறைந்துவிடப் போவதில்லை. நோயில் படுத்த நாள்களிலும் அந்த வேலை நின்றதாகத் தெரியவில்லை. பின்னாளில் தமக்குக் கீழே பணியாற்றிய குருக்கள் தங்களுக்குள்ளும் தமிழிலேயே பேச வேண்டும் என்று அவர் கட்டாயப்படுத்தினார். அதைக் கண்டிப்பு என்று சிலர் முணுமுணுத்திருக்கக்கூடும். தாய்மொழியில் ஒருவரோடொருவர் புலம்பிக்கொள்ளும் வசதியையே அது அவர்களிடமிருந்து பறித்தது அல்லவா!

1549இல் முதல் பேரிடி விழுந்தது. இராமேசுவரத்துக்குப் போகும் வழியில் வேதாளை என்ற ஊர் இருக்கிறது. அங்கிருந்த போர்த்துகீசியத் தளபதி அகழி வெட்டி வழியை மறித்து, இராமேசுவர யாத்ரிகர்களிடம் சுங்கம் வாங்கத் தொடங்கினார். எந்த ஊரிலும் எந்தக் காலத்திலும் மக்கள் பொறுத்துக்கொள்ளாத செயல் அது. வடுகர் படை திரண்டு வந்தது. போர்த்துகீசியர் கப்பல்களை நோக்கி ஓடினர். கரைப் பகுதியின் யேசு சபைத் தலைவராக இருந்த அந்தோனியோ கிரிமினாலி என்ற இத்தாலியரும் கப்பலேறியிருக்கலாம். பெண்களும் குழந்தைகளும் இன்னும் கரையில் நிற்பதைக் கண்டு அவர்களை ஏற்றிவிட அங்கேயே நின்றார். ஈட்டிகளுக்கு இரையானார். அவரும் அண்டிரிக்கைப் போலவே 1520இல் பிறந்தவர். யேசு சபையில் இரத்தம் சிந்தி இறந்த முதல் மனிதர் அவர்தான்.

சுங்கம் வாங்கியவர்கள் ஒரு பக்கம், செத்தவர் ஒரு பக்கம். முத்துக்குளித்துறையில் திருப்பணி செய்தவர்களின் மிகப்பெரிய துன்பமே இதுதான். யாருடைய பாதுகாப்பில் மக்கள் இருந்தார்களோ, அவர்களே மக்களைச் சுரண்டினார்கள். தளபதிகளின் பேராசையைக் கண்டித்துச் சவேரியார் எழுதியதைப் போலவே அண்டிரிக்கும் மேலிடத்துக்கு முறையிட்டார். ஆனால், அந்தப் பாதுகாப்பை உதறிவிட அவராலும் முடியவில்லை. தம் மக்களின் வாழ்வும் தம் பணியும் போர்த்துகீசியக் கொடியோடு பிணைந்து கிடந்ததை அவர் அறிந்தே இருந்தார். இந்து சமயத்தைப் பற்றியும் இசுலாத்தைப் பற்றியும் அவருடைய கருத்துகள் அவர் காலத்து ஐரோப்பியக் குருவின் கருத்துகள்தாம்; அவற்றில் இன்றைய வாசகர் ஏற்க முடியாதவை பல உண்டு. அதையும் மறைக்க வேண்டியதில்லை.

கிரிமினாலி இறந்ததும் கரையில் எஞ்சியிருந்த தோழர்கள் அண்டிரிக்கைத் தலைவராக்கினர். வயது 29. மரபின் காரணமாகத் தாய்நாட்டில் வாசலில் நிறுத்தப்பட்டவரை, இங்கே உடனுழைத்தவர்கள் தலைமையில் அமர்த்தினார்கள். 1576 வரை 27 ஆண்டுகள் அப்பொறுப்பில் இருந்தார்.

அந்த 27 ஆண்டுகளில் அமைதியான ஆண்டுகள் எத்தனை என்று கணக்கிட்டால் விரல்கள் மிஞ்சும். 1553இல் கடல்வழி வந்த படையொன்றும் வடுகர் படையும் கைகோத்துப் புன்னைக்காயலைப் பிடித்தன. போர்த்துகீசியத் தளபதி, அவருடைய மனைவி மக்கள் ஆகியோரோடு அண்டிரிக்கும் சிறைப்பட்டார். பிறகு மீட்கப்பட்டார். 1560இல் மீண்டும் தாக்குதல். இம்முறை மதுரை நாயக்கர் படை. அதே ஆண்டில்தான் போர்த்துகீசிய ஆளுநர் கான்ஸ்டன்டினோ தெ பிரகான்சா யாழ்ப்பாணத்தின்மீது படையெடுத்துவிட்டு, மன்னார்த் தீவில் கோட்டை கட்டினார். இந்தக் கரையில் இனிப் பாதுகாப்பில்லை என்று கருதிப் பரதவக் குடும்பங்கள் பல மன்னாருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அண்டிரிக்கும் உடன் சென்றார்.

மன்னார் தஞ்சமாக அமையவில்லை. நோய் பரவிற்று. கோட்டைக்குள் தளபதியின் அதிகாரம் முன்னைவிடக் கடுமையாயிற்று. பிழைப்புக்கும் வழியில்லை. மக்கள் கூட்டம் கூட்டமாக இறந்தார்கள். சில ஆண்டுகளில் எஞ்சியவர்களில் பெரும்பாலோர் தோணியேறித் தங்கள் பழைய கரைக்கே திரும்பினர். பாதுகாப்புக்காக என்று சொல்லி ஒரு சமூகத்தை வேரோடு பிடுங்கி நட்டவர்கள் நான்கே ஆண்டுகளில் தோற்றார்கள். அந்தத் தோல்வியில் அவர்களுடைய மேய்ப்பருக்கும் பங்குண்டு. அழைத்துச் சென்ற மக்களில் பலரை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய மனிதர், மறுபடி அதே ஊர்களில் அதே வீடுகளின் வாசலில் போய் நிற்க வேண்டியிருந்தது. சிறைவாசத்தைவிட இது கடினமாக இருந்திருக்கும் என்றே நினைக்கத் தோன்றுகிறது.

ரோமுக்கு எழுதினால் பதில் எப்போது வரும்? கடிதம் முதலில் கொச்சிக்குப் போக வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் புறப்படும் கப்பல்களைப் பிடிக்க வேண்டும். லிஸ்பன் சேர அரை ஆண்டு. அங்கிருந்து ரோம். பதில் அடுத்த கப்பல் வரிசையில் வர வேண்டும். ஒரு சந்தேகத்தைக் கேட்டுத் தெளிவதற்கு இரண்டு ஆண்டு, சில வேளைகளில் அதற்கு மேலும் ஆகும். கப்பல் கவிழ்ந்தால் அதுவுமில்லை. மேலிடத்திலிருந்து வரும் ஆறுதலை மட்டும் நம்பியிருந்தால், இக்னேஷியஸ் கடிதம் எழுதியிருந்தாலும்கூட, அண்டிரிக் எப்போதோ உடைந்திருப்பார்.

பக்கத்தில் கிடைத்த துணைதான் அவரைத் தாங்கியது. ஒவ்வோர் ஊரிலும் கணக்கப்பிள்ளை என்றழைக்கப்பட்ட உபதேசியார் இருந்தார். சவேரியார் தொடங்கிவைத்த ஏற்பாடு அது. அண்டிரிக் அதை வளர்த்தெடுத்தார். குரு இல்லாத நாள்களில் மக்களைக் கோயிலில் கூட்டுவது, சிறுவர்களுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகும் நிலையிலிருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிப்பது, ஊர்ச் சண்டையைக் குருவின் காதுக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. சலாபக் காலத்தில் ஊர்களே இடம்பெயரும். ஆண்கள் தோணிகளில் பார்களுக்குப் போய்விடுவார்கள். கல்லைக் கட்டிக்கொண்டு மூழ்கி, மூச்சு முட்டும் வரை சிப்பி அள்ளி, கயிறு அசைந்ததும் மேலே இழுக்கப்படுவார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவன்மீது முழு நம்பிக்கை இல்லாமல் எவனும் கடலுக்குள் இறங்க மாட்டான். வேம்பாறு முதல் மணப்பாடு வரை பரந்து கிடந்த ஊர்களுக்கு ஒரு கைவிரல்கள் அளவே குருக்கள் இருந்த காலத்தில், அண்டிரிக்கின் கயிற்றைப் பிடித்திருந்தவர்கள் இந்தக் கணக்கப்பிள்ளைகளும் பட்டங்கட்டிகளும்தான்.

புன்னைக்காயலில் ஏழை நோயாளிகளுக்கென ஒரு மருத்துவமனையை அவர் ஏற்படுத்தினார். தமிழ்நாட்டில் ஐரோப்பிய முறையில் அமைந்த முதல் மருத்துவமனைகளில் ஒன்று அது. வாழ்நாளெல்லாம் நோயாளியாக இருந்தவர் கட்டியது. பொதுமக்களே ஒன்றுகூடி ஏழைகளுக்கு உதவும் அன்பியச் சபை ஒன்றையும் நிறுவினார். 1561இல் யேசு சபையில் சேர்ந்த கொல்லத்துப் பிராமணர் பேத்ரோ லூயிஸ், அச்சபையின் முதல் இந்தியர், இக்கரையில் அவரோடு உழைத்தார். எல்லாவற்றையும் தன் தோளில் சுமக்க நினைக்கும் பணியாளர்களையே இன்றைய ஆலயங்களிலும் அலுவலகங்களிலும் பார்க்கிறோம். சில ஆண்டுகளில் அவர்கள் எரிந்து கரிந்துபோவதையும் பார்க்கிறோம். அண்டிரிக் சுமையைப் பகிர்ந்துகொடுத்தது தம் உடல் இடங்கொடுக்காததாலாகவும் இருக்கலாம். அந்த வகையில் நோயே அவருக்கு ஒரு நன்மையைச் செய்தது.

1576இல் தலைமைப் பொறுப்பு அவர் கையைவிட்டுப் போயிற்று. வயது 56. அக்காலக் கணக்கில் முதுமை. பொறுப்பிலிருந்து இறக்கப்பட்ட பலருக்கு அத்தோடு வாழ்க்கை முடிந்துவிடும். அண்டிரிக்கை உலகம் நினைவில் வைத்திருப்பதோ அதற்குப் பிறகு அவர் செய்தவற்றுக்காக. யேசு சபையின் பார்வையாளராக வந்த அலெக்சாந்த்ரோ வலிஞ்ஞானோ, தமிழ் நூல்களை எழுதி அச்சேற்றும் பணியில் அவரை ஈடுபடுத்தினார்.

தமிழ்ச் சொற்கள் அதற்கு முன்பே அச்சேறியிருந்தன. 1554இல் லிஸ்பனில் வெளிவந்த சிறு ஜெபநூலில் தமிழ் இருந்தது, ஆனால் ரோமன் எழுத்தில். தமிழ் எழுத்திலேயே அச்சிட வேண்டுமானால் ஒவ்வோர் எழுத்தையும் உலோகத்தில் வார்க்க வேண்டும். லத்தீனுக்கு இருபத்துச் சொச்சம் எழுத்துகள் போதும். தமிழில் உயிர்மெய் வரிசை முழுவதும் வேண்டும். ஓலையில் எழுத்தாணியால் கீறிய சுழிகளை ஈயத்தில் கொண்டுவர வேண்டும். ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கமில்லை; எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டும் வழக்கமும் இல்லை. அச்சில் எதை வைப்பது, எதை விடுவது? 1577இல் கோவாவில் ஜொவான் கொன்சால்வஸ் ஒரு தொகுதி எழுத்துகளை வார்த்தார். மறு ஆண்டு கொல்லத்தில் ஜொவான் தெ பாரியா மற்றொரு தொகுதியை வார்த்தார். செலவுக்கு முத்துக்குளித்துறை மக்களே பொருள் தந்தார்கள். மூச்சடக்கி மூழ்கி எடுத்த முத்தின் காசு, தமிழின் முதல் அச்செழுத்துகளுக்குப் போயிற்று.

1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வெளிவந்தது. 16 பக்கங்கள். அண்டிரிக்கோடு மனுவேல் தெ சான் பேத்ரோ என்ற குருவும் சேர்ந்து தமிழாக்கினார். இந்திய மொழியொன்றில் அதன் சொந்த எழுத்திலேயே அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையது இதுதான். இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நூலகத்தில் அதன் படி பாதுகாக்கப்படுகிறது. 1579இல் கொச்சியில் கிரீசித்தியானி வணக்கம் அச்சாயிற்று. 1580இல் பாவசங்கீர்த்தனத்துக்கு உதவும் கொம்பெசியொனாயரு வந்தது. இந்தப் பெயரே அந்நாளைய கரைத் தமிழின் ஒரு மாதிரிதான். போர்த்துகீசியச் சொல்லைத் தமிழ் நாக்கு எப்படி உருட்டியது என்பதைக் காட்டுகிறது.

1586இல் வந்தது அவருடைய மிகப் பெரிய நூல், புளோஸ் சாங்தோரும் எனப்படும் அடியார் வரலாறு. அறுநூறு பக்கங்களுக்கு மேல் நீள்கிறது. தமிழ் உரைநடை பெரும்பாலும் செய்யுளுக்கு உரையாகவே வாழ்ந்த காலத்தில், செய்யுளின் தயவில்லாமல் தனித்து நின்று கதை சொல்லும் ஒரு பெருநூலை 66 வயது நோயாளி ஒருவர் எழுதி முடித்தார். நடை கரடுமுரடானது. பேச்சு வழக்கும் வடசொல்லும் போர்த்துகீசியமும் அதில் கலந்து கிடக்கின்றன. அழகுக்காக அதை யாரும் படிக்க மாட்டார்கள். ஆனால், அடியார்களின் துன்பங்களையும் உறுதியையும் கதைகளாகக் கேட்டுக் கேட்டுத்தான் கரை மக்கள் தங்கள் சூறையாடப்பட்ட ஆண்டுகளைக் கடந்தார்கள். அக்கதைகளைத் தேர்ந்து எழுதியவருக்கும் அவை அதே உதவியைச் செய்திருக்கும். வத்திக்கான் நூலகத்தில் கிடந்த அதன் படியைத் தமிழுலகுக்கு எடுத்துக்காட்டியவர் ஈழத்துத் தமிழறிஞர் தனிநாயகம் அடிகள். 1967இல் ச. இராசமாணிக்கம் அடிகள் அதைப் பதிப்பித்தார். எழுதியவர் இறந்து 367 ஆண்டுகள் கழித்து நூல் மீண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தது.

அச்சகமும் அதற்குப் பிறகு நிலைக்கவில்லை. அண்டிரிக்கின் காலத்தோடு அந்த ஊக்கம் தணிந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் சீகன்பால்கு வந்து அச்சுக்கூடம் அமைக்கும் வரை தமிழ் அச்சின் வரலாற்றில் நீண்ட இடைவெளிகள் உண்டு. அவர் கட்டிய மருத்துவமனை இன்றில்லை. போர்த்துகீசியரின் அதிகாரம் 1580 வாக்கில் புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்கு நகர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் அதையும் பிடித்துக்கொண்டார்கள். சவேரியாருக்குக் கோவாவில் பேராலயமும் புனிதர் பட்டமும் கிடைத்தன. அண்டிரிக்குக்கு எந்தப் பட்டமும் கிடைக்கவில்லை.

கடைசி ஆண்டுகளை அவர் புன்னைக்காயலிலேயே கழித்தார். 50 ஆண்டுகளுக்கு முன்பு அவரிடம் ஜெபம் கற்ற சிறுவர்கள் இப்போது தாத்தாக்களாகித் தோணிகளைப் பேரன்களிடம் ஒப்படைத்திருந்தார்கள். 1600ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அவர் கண்மூடினார். அவருடைய உடலைப் புன்னைக்காயலிலிருந்து தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து, இன்று பனிமய மாதா பேராலயத்தோடு இணைத்துச் சொல்லப்படும் அடக்கத்தலத்தில் கரை மக்கள் அடக்கம் செய்தார்கள்.